குளிர் விடட்டும்

ஜனவரி 9

புரொபசரம்மாவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தை மேஜை ஓரத்துக்குத் தள்ளியிருப்பாய். காப்பியைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் பிரித்திருப்பாய். அக்காவை எனக்குத் தெரியாதா?

நான் ஓட்டல் வேலையை விட்டு நின்றபோது, உன் கல்லூரி விடுதியின் சாப்பாட்டுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ள வரச் சொன்னாய். மாட்டேன் என்றேன். "அப்ப கடைசி வரைக்கும் அடுத்தவங்க எச்சில் கிளாஸ எடுத்துக்கிட்டே இரு" என்றாய். அதோடு நம் பேச்சு நின்றது. இப்போது எழுதுவது சமாதானம் பேச இல்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும் என்றுதான்.

ஒரு வயதான அம்மாளுக்குத் துணையாக இருக்கிறேன். கணவர் இறந்துவிட்டார், குழந்தைகள் இல்லை. நேரில் மேடம் என்று கூப்பிடுகிறேன், மனசுக்குள் ராணியம்மா. வீடு தெருக்கோடியில், மேட்டின் மேல் இருக்கிறது. கைப்பேசி இங்கே எடுப்பதில்லை. வீட்டுத் தொலைபேசி அவருடைய படுக்கையறையில். ஆகவே கடிதம்தான். சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு வெளியே மதியம் தபால்காரர் வந்து மணி அடிப்பார், கம்பிகளுக்கு நடுவே கொடுத்து வாங்குவோம். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "நாளைக்கு ஞாயிறு, வரமாட்டேன்" என்பார்.

என் வேலையில் முக்கியமானது மதியச் சாப்பாட்டின் முடிவில் ஒயின் ஊற்றுவது. சிரிக்காதே. பிரெஞ்சு நாட்டின் சொத்தேர்ன், இனிப்பு ஒயின். காலைப் பனியில் பூஞ்சை பிடித்துச் சுருங்கிப்போன திராட்சைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பறித்துச் செய்கிறார்கள். ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் கிடைத்தால் அதிகம். புதுசு வைக்கோல் நிறத்தில் இருக்கும். பல வருடம் படுத்துக் கிடந்த பாட்டிலில் நிறம் இறுகிப் பழைய தேன் மாதிரி ஆகியிருக்கும். ஐஸ் வாளியில் நன்றாகக் குளிர வைத்து, வாய் குறுகிய சின்ன கிளாஸில் இரண்டு விரல் அளவு ஊற்றுவேன். முதலில் உலர்ந்த ஆப்ரிகாட், பிறகு ஆரஞ்சுத் தோல். இனிப்பு திகட்டப்போகிறது என்று நினைக்கும் நொடியில் ஒரு புளிப்பு வந்து அதைத் தூக்கிக்கொண்டு போகும். கூடவே உப்பான நீலச் சீஸ் ஒரு துண்டு. ஓட்டலில் எத்தனையோ பேருக்கு ஊற்றியிருக்கிறேன். ஒரு வாய் குடித்ததில்லை.

இங்கே குடிக்கிறேன். "ஊத்தறவங்கதான் முதல்ல ருசி பாக்கணும், அதுதான் மரியாதை. உக்காரும்மா" என்று முதல் நாளே எதிர் நாற்காலியைக் காட்டினார். இத்தனை வருடம் மற்றவர்களின் நாற்காலிக்குப் பின்னால் நின்றவள், அக்கா. உட்கார்ந்தபோது கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

உன் வாலு

•

ஜனவரி 22

வாலுக்கு,

உறையை உடனே பிரித்தேன். காப்பிதான் ஆறிப்போனது.

எச்சில் கிளாஸ் என்று நான் சொன்னது உண்மை. சொன்ன விதம் சரியில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

பூஞ்சை விஷயத்தில் மாயம் ஒன்றும் இல்லை. அது தோலைத் துளைக்கிறது, பழத்தின் நீர் ஆவியாகிறது, சர்க்கரை மிஞ்சுகிறது. அழுகலுக்கு இவ்வளவு மரியாதை கிடைப்பதை நான் கல்லூரி நிர்வாகத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். ரசாயனம் சொல்லிக்கொடுப்பவளாக இன்னொன்றும் சொல்கிறேன்: அந்த அளவு இனிப்பு, தன்னோடு கலந்த எதையும் மறைத்துவிடும். இருமல் மருந்தை ஏன் பாகில் கலக்கிறார்கள் என்று யோசித்துப் பார்.

எனக்குச் சில விவரங்கள் தேவை. தொலைபேசி ஏன் படுக்கையறையில் இருக்கிறது? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? உனக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது யார்?

ஒரு முதலாளி தன் பணியாளரை எதிரே உட்கார வைத்தால் நீ நெகிழ்ந்துபோகிறாய். எனக்குக் காரணம் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. என் குணம் உனக்குத் தெரியும்.

அக்கா

•

பிப்ரவரி 16

புரொபசரம்மாவுக்கு,

உன் கடிதத்தை ராணியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். (மாலையில் அவருக்குப் பேப்பர், புத்தகம் எல்லாம் நான்தான் வாசிப்பேன். தபால் வந்தால் அதுவும்.) நிர்வாகத்தின் அழுகலுக்கு வாய்விட்டுச் சிரித்தார். இருமல் மருந்து வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "உங்க அக்கா எதையுமே நம்பமாட்டாங்க போலிருக்கே. நல்ல பழக்கம்" என்றார். பார்த்தாயா, உனக்கு ஒரு ரசிகை.

உன் விசாரணைக்குப் பதில். வீட்டில் நாங்கள் இருவர்தான். சமைக்கிறவர் காலையில் வந்து மதியத்துக்கு முன் போய்விடுவார். மாதம் ஒரு முறை சின்னவர் வருவார். ராணியம்மாவின் அண்ணன் மகன். இவருக்குப் பிறகு இந்த வீடு, நிலம், எல்லாம் அவருக்குத்தான். அவர்தான் ஒயின் பெட்டியைக் கொண்டுவருகிறார். காலி பாட்டில்களையும் அவரே எடுத்துப்போகிறார். பெட்டியில் புது ஒயின் சில, பழசு சில இருக்கும். பழைய பாட்டில்களைத் திறக்கும்போது ஒன்று கவனித்தேன்: வயதான பாட்டிலில் கார்க் உதிரும், உடையும், நாம் கெஞ்சிக் கொஞ்சி எடுக்க வேண்டும். இவற்றில் சில பாட்டில்களில் கார்க் புத்தம் புதிதாக வருகிறது. பெரிய இடங்களில் பழைய பாட்டிலுக்குக் கார்க் மாற்றுவது உண்டுதான்.

எனக்கு முன்னால் ஒரு அம்மா இருந்தாராம். நரம்புத் தளர்ச்சி வந்து போய்விட்டாராம். அவருடைய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை இன்னும் என் அலமாரியில் தொங்குகிறது. யாரும் கேட்டு வரவில்லை.

இங்கே ஒயின் பரிமாறுவதில் ஒரு தனி அழகு இருக்கிறது. நான் என் கிளாஸை முழுக்கக் குடித்த பிறகும் ராணியம்மா தன்னுடையதைத் தொடமாட்டார். "கொஞ்சம் குளிர் விடட்டும்" என்பார். அதுவரை கதை சொல்வார். கல்யாணமான புதிதில் பிரான்ஸில் இருந்தது, கணவர் தன் கிளாஸிலிருந்து இவருக்குக் குடிக்கக் கொடுத்தது. கிளாஸின் மேல் படிந்த வியர்வை காயும் வரை பேச்சு நீளும். கண் மட்டும் என் முகத்தை விட்டு நகராது. இத்தனை கவனமாக என்னை யாரும் பார்த்ததில்லை.

உடம்பு பரவாயில்லை. சில நாள் சாப்பிட்ட பின் நாக்கு மரத்துப்போகிறது, தலை கிறுகிறுக்கிறது, மாலை வரை படுத்துவிடுகிறேன். பழக்கமில்லாத ஒயின், அவ்வளவுதான். அன்றைக்கெல்லாம் ராணியம்மாவே வந்து போர்வை போர்த்திவிடுகிறார்.

வாலு

•

மார்ச் 5

வாலுக்கு,

இதை அவருக்கு வாசித்துக் காட்டாதே.

எனக்குப் பதவி உயர்வு வந்தபோது நீ என் வீட்டில் விருந்து பரிமாறியது ஞாபகம் இருக்கிறதா? அன்றும் ஓர் இனிப்பு ஒயின் இருந்தது. துறைத்தலைவரோடு பேசிக்கொண்டு நான் கிளாஸை மேஜையில் மறந்துவிட்டேன். நீ பின்னால் வந்து காதில் சீறினாய்: "ஐஸ்லேருந்து எடுத்தா ஒடனே குடிக்கணும்க்கா. குளிர் போச்சுன்னா வெறும் சர்க்கரைப் பாகு. காசு குடுத்து வாங்கினத பாகாக்காதே." எனக்கு ஒயினைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். அதையும் நீதான் சொல்லிக்கொடுத்தாய்.

பிரான்ஸில் வாழ்ந்தவர், வாழ்நாள் முழுவதும் அதை ரசித்தவர், வியர்வை காயும் வரை எதற்குக் காத்திருக்கிறார்? ஓட்டலில் விருந்தாளி செய்வதெல்லாம் சரி என்று பழகிவிட்டாய். மீனுக்குச் சர்க்கரை கேட்டாலும் "நல்ல தேர்வு சார்" என்று கொண்டுவந்து வைப்பவள். அதனால்தான் நீ இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

யோசித்து எழுது. உனக்குக் கிறுகிறுத்த நாட்களில் அவர் தன் கிளாஸைக் குடித்தாரா?

இத்துடன் ஒரு சிறு குப்பி அனுப்புகிறேன். புதுக் கார்க் போட்டு வரும் பழைய பாட்டில் ஒன்றிலிருந்து, உன்னைப் படுக்க வைக்கும் அதிலிருந்து, இதை நிரப்பி அனுப்பு. எங்கள் ஆய்வகத்தில் பார்க்கிறேன். என் சந்தேகம் தவறாக இருந்தால் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

அக்கா

•

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

வாசித்துக் காட்டாதே என்றால் அதை உறையின் மேல் எழுத வேண்டும். கடிதத்தைப் பிரித்த கையோடு சத்தமாக ஆரம்பித்துவிட்டேன். முதல் வரி வாயிலிருந்து வந்த பிறகு நிறுத்த முடியுமா? "மேல படிம்மா" என்றார். படித்தேன். என் முகம் எப்படி எரிந்தது தெரியுமா? சோறு போடுகிறவரைக் கொலைகாரி என்று என் வாயாலேயே சொல்ல வைத்தாய்.

அவர் கோபப்படவில்லை. கடிதத்தை வாங்கி மடித்து என்னிடமே கொடுத்தார். பிறகு, "உங்க அக்கா கெட்டிக்காரி. இப்படி ஒரு அக்கா எனக்கு இருந்திருந்தா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

உன் கேள்விக்குப் பதில். எனக்கு முடியாத நாட்களில் அவர் குடிப்பதில்லை. கிளாஸை அப்படியே தள்ளி வைத்துவிடுவார். நான் நன்றாக இருக்கும் நாட்களில் குடிப்பார், இரண்டு கிளாஸ்கூட. இதில் என்ன மர்மம்? எதிரே ஒருத்தி சுருண்டு கிடக்கும்போது யாருக்கு ஒயின் இறங்கும்? உனக்கு இறங்கலாம். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பரீட்சைத் தாள் திருத்தியவள் நீ.

குளிர் பற்றி. பழைய ஒயினுக்குக் குளிர் கொஞ்சம் குறைந்தால் மணம் விரியும். அவ்வளவு நேரம் தேவையில்லைதான். பெரிய இடத்து மனிதர்களுக்கு ஒவ்வொரு பழக்கம்.

குப்பியை அனுப்பியிருக்கிறேன். இப்போதெல்லாம் விரல்கள் நடுங்குகின்றன, போன வாரம் இரண்டு கிளாஸை உடைத்துவிட்டேன். அதனால் ராணியம்மாவே நிரப்பி, மூடி, கட்டிக் கொடுத்தார். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்தானே அப்படிச் செய்வார்? சோதித்துப் பார். பிறகு வந்து அவரிடம் மன்னிப்புக் கேள். என்னிடம் வேண்டாம்.

பின்குறிப்பு: முன் வாசல் கதவைப் பகலிலும் பூட்டச் சொல்லியிருக்கிறார். தெருவில் திருட்டுப் பயமாம்.

•

ஏப்ரல் 20

(முதல் தாள்)

அன்புத் தங்கைக்கு,

குப்பி பத்திரமாக வந்தது. சோதித்தேன். சர்க்கரை, அமிலம், சாராயம், ஒயினில் இருக்க வேண்டியவை தவிர வேறொன்றும் இல்லை. நான் தேவையில்லாமல் கற்பனை செய்துவிட்டேன். மேடம் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டதற்கு நன்றி. வெள்ளிக்கிழமை நேரில் வந்து மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன். அவர்களுடைய அருமையான ஒயினை ஒரு வாய் ருசிக்கவும் ஆசை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

(இரண்டாம் தாள்)

வாலு, முதல் தாள் வாசித்துக் காட்டுவதற்கு. இது உனக்கு மட்டும். கதவைச் சாத்திவிட்டுப் படி.

சோதனை முடிவு உண்மைதான். அதைப் பார்த்துவிட்டு அரை நாள் நிம்மதியாக இருந்தேன். மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்து, எதற்கோ குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வைக்கோல் நிறம்.

பழைய பாட்டிலின் ஒயின் பழைய தேன் மாதிரி இருக்கும் என்று நீ எழுதியிருக்கிறாய். நான் கேட்டது பழைய பாட்டிலிலிருந்து. வந்திருப்பது புதுசு. நிரப்பியவர் கை தவறி மாற்றியிருக்கலாம் என்று என்னை நானே நம்பவைக்கப் பார்த்தேன். முடியவில்லை. அந்த ஒயினின் நிறங்களை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

நீ நினைப்பதுபோல் நான் அவரைக் கொலைகாரி என்று சொல்லவில்லை. அனுப்புகிறவர் வேறு. ஆனால் அவருக்குத் தெரிகிறது. நீ கிறுகிறுத்து விழுந்தால் அந்தப் பாட்டிலை அவர் தொடுவதில்லை. நீ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் குடிக்கிறார். குளிர் விடுவதற்கு அவர் காத்திருக்கவில்லை. உனக்காகக் காத்திருக்கிறார். உனக்கு முன்னால் இருந்த அம்மாவுக்காகவும் அப்படித்தான் காத்திருந்திருப்பார்.

சட்டம் நடத்தும் சக ஆசிரியரிடம் பேசினேன். வெறும் கடிதத்தை வைத்துக்கொண்டு யாரும் அந்த வீட்டுக் கதவைத் தட்டமாட்டார்களாம். ஆதாரம் வேண்டும். இரண்டே ஆதாரம்தான்: அந்த ஒயின், உன் உடம்பு. இந்த உறையில் இன்னொரு குப்பி வைத்திருக்கிறேன். கை நடுங்கினாலும் நீயே நிரப்பு. நீ குடிக்காதே. ஊற்று, ஆனால் குடிக்காதே. வெள்ளி காலை முதல் பேருந்தில் வருகிறேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் தாள் திருத்தியது உண்மை. கை சும்மா இருந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்தேன். இப்போதும் பக்கத்தில் ஒரு கட்டு இருக்கிறது.

•

புதன்கிழமை

அக்கா,

முதல் தாளை வாசித்தேன். இரண்டாவதைக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் படித்தேன். முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது. பிறகு அலமாரியைத் திறந்து அந்தக் கம்பளிச் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். பையில் சின்னக் கைக்குட்டை ஒன்று, மடிப்புக் கலையாமல். வேலையை விட்டுப் போகிறவர் கம்பளியை விட்டுவிட்டா போவார்?

நேற்று சின்னவரின் பெட்டி வந்தது. இன்று மதியம், "பழசுல ஒண்ணு திற" என்றார். புதுக் கார்க். சமையலறையிலேயே குப்பியை நிரப்பிவிட்டேன். கொஞ்சம் சிந்தியது. இரண்டு கிளாஸிலும் ஊற்றிக் கொண்டுவந்து வைத்து, அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். ஓட்டலில் நிற்பதுபோல.

"உக்காரும்மா. ருசி பாரு."

"இன்னிக்கு நீங்க முதல்ல பாருங்க மேடம்."

அவர் திரும்பவில்லை. கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் குளிர் விடட்டும்."

"குளிர் இருக்கறப்பவே குடிக்கணும் மேடம். நான் படிச்ச தொழில் அது."

"உங்க அக்கா ரெண்டாவது தாள் ஒண்ணு எழுதியிருக்காங்க, இல்ல?"

எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

"எல்லா பாட்டில்லயும் இல்லம்மா, சிலதுலதான்" என்றார். மழை வருமா என்று பேசுகிற குரல். "எதுல இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? வேண்டாம்னு சொல்லிட்டா அண்ணன் பையன் வேற வழி தேடுவான். இது எனக்குத் தெரிஞ்ச வழி. பாட்டில் காலியா திரும்பிப் போனா நான் குடிக்கறேன்னு நினைச்சுப்பான், நானும் நிம்மதியா தூங்கலாம்."

"அப்ப கொட்டிடலாமே மேடம். எல்லாத்தையும் கொட்டிட்டு காலி பாட்டில குடுத்தா போதுமே."

அக்கா, அப்போதுதான் அவர் முகத்தில் முதல் தடவையாக அதிர்ச்சியைப் பார்த்தேன்.

"இவ்வளவு நல்ல ஒயினையா?"

வாசல் சாவி அவருடைய தட்டுக்குப் பக்கத்தில், சீஸ் கத்தியோடு சேர்ந்து கிடக்கிறது. எழுந்து எடுக்கலாம். எழுந்தால் மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிகிறது. அக்காவுக்கு ஒரு பதில் எழுதிவிடுகிறேன் என்றேன். "எழுது, எழுது. வெள்ளிக்கிழமை வர்றாங்களே, மூணாவது கிளாஸ் ஒண்ணு எடுத்துத் துடைச்சு வை" என்றார்.

அதனால் எதிரே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தலைகீழாகத் தெரியும் எழுத்தை அவரால் படிக்க முடியாது; கண்ணாடியைப் படுக்கையறையில் வைத்துவிட்டார். பேனா நிற்கும்போதெல்லாம் ஒற்றை விரலால் என் கிளாஸை என் பக்கம் கொஞ்சம் நகர்த்துகிறார். கோபமே இல்லை. நடுவில் ஒரு முறை கேட்டார்: "உன்ன வேற யாரும்மா எதிர்ல உக்கார வெச்சாங்க?" உன் வீட்டு விருந்தில்கூட நான் பரிமாறினேன், உட்காரவில்லை.

கிளாஸ்களின் வியர்வை காய்ந்துவிட்டது. அவருடைய கிளாஸும் நிறைந்திருக்கிறது, என்னுடையதும் நிறைந்திருக்கிறது. இப்போது வெறும் பாகு.

தெருமுனையில் மணி கேட்கிறது. குப்பியை இந்தக் கடிதத்தோடு சேர்த்துக் கட்டி, கம்பிகளுக்கு நடுவே கொடுப்பேன். நான் எதையாவது சொன்னாலும் தபால்காரர் நாளைக்கு மழை வரும் என்பார். நிறத்தைப் பார். இந்தத் தடவை பழைய தேன்தான்.

நீ கேட்ட இரண்டு ஆதாரங்களில் ஒன்று உன் கைக்கு வந்து சேரும். இன்னொன்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. தாள் நிறையும் வரை குடிக்கமாட்டேன் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். கடைசி வரிக்கு வந்துவிட்டேன், பின்பக்கம் இருக்கிறது, அதிலும் எழுதுவேன், மணி ஜன்னலுக்கு வந்துவிட்டது அக்கா, வெள்ளி வரை காத்திருக்காதே